நான்காம் கிராமத்தின் ஒலிபெருக்கி

தாய்லாந்தின் வடகிழக்கில் நோங் தாலுன் என்று ஒரு வட்டாரம். ஒன்பது நெல் கிராமங்கள், ஒரு கால்வாய், ஒரு விகாரை. மழை வந்தால் அளவுக்கு மேல் வரும், வராவிட்டால் வரவே வராது. மக்கள் இரண்டிலும் சலித்துப்போயிருந்தார்கள்.

அந்த வட்டாரத்துக்கு வெகுகாலம் கம்னானாக, அதாவது தலைவராக, இருந்தவர் பூன்லெட். பதவியும் போய் மனைவியும் போன பிறகு, அறுபத்தைந்து வயதில் மொட்டை அடித்துக்கொண்டு துறவியானார். விகாரையின் குரு சனித் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் பூன்லெட் அவரை ‘லுவாங் போ’ என்று தந்தையாக அழைப்பார். வயதான பிறகு காவி உடுத்தியவர்களுக்கு அங்கே ‘லுவாங் தா’ என்று பெயர். தாத்தாத் துறவி என்று பொருள். குரு அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒருநாள் வட்டார அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. வட்டாரத்தின் வரலாற்றை எழுதிக் கொடுங்கள், கல்லில் பொறித்து வாசலில் வைக்கிறோம் என்றார்கள். பூன்லெட் வீடு வீடாகப் போய்க் கேட்டார். காட்டை முதலில் வெட்டியது யார், பள்ளிக்கூடம் எப்போது வந்தது, எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு ஒரு பதில். ஒன்பது கிராமமும் தங்கள் ஊர்தான் முதல் ஊர் என்று சாதித்தன. எழுதி எழுதி அவருக்குக் கை ஓய்ந்துவிட்டது.

ஒரு பத்தி மட்டும் மிச்சம் நின்றது. அதை எடுத்துக்கொண்டு குருவிடம் வந்தார்.

“லுவாங் போ, இதை எழுதறதா விடறதான்னு தெரியல.”

“படிங்க.”

“‘பெருவெள்ளம் வந்த வருஷம், எட்டு கிராமங்களைக் காப்பாற்றக் கால்வாயின் கீழ்க்கரை வெட்டிவிடப்பட்டது. ஒலிபெருக்கியில் முன்னறிவிப்புச் செய்த பிறகே வெட்டப்பட்டது. நான்காம் கிராமத்து வயல்கள் மூழ்கின. ஒருவர் இறந்தார்.’”

“வெட்டச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

“செத்தது?”

“கம்பான். வயல்ல எருமையோட இருந்தான். பத்தொன்பது வருஷம் ஆச்சு.”

“அறிவிப்பு அவனுக்குக் கேட்டுச்சா?”

அங்கே கிராமத்துக்கு ஒரு கம்பம், கம்பத்தின் மேல் ஒலிபெருக்கிக் குழாய். கம்னான் தன் வீட்டில் உட்கார்ந்து மைக்கில் பேசினால் ஒன்பது ஊரிலும் கேட்கும். உரம் வந்தது, ஊசி போட வருகிறார்கள், இன்னார் இறந்துபோனார், எல்லாம் அதில்தான். மைக்கில் சொல்லிவிட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே கம்னான்கள் நினைத்துக்கொள்வார்கள். பாவம், அவர்களுக்கு எதிரே இருப்பது மைக் மட்டும்தான்.

பூன்லெட் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார்.

“நாலாம் கிராமத்துக் குழாய் ரெண்டு மாசமா வேலை செய்யல. புகார் என் மேஜையிலேயே கிடந்துச்சு. அன்னிக்கு ஞாபகம் வரல. மூணு தரம் சொன்னேன், லுவாங் போ. தொண்டை கட்டற மாதிரி மூணு தரம் சொன்னேன்.”

“இது யாருக்குத் தெரியும்?”

“நாலாம் கிராமத்துக்கே தெரியும். கம்னான்கிட்ட யாரு கேப்பாங்க?”

“அப்புறம் என்ன சந்தேகம்?”

“கம்பானோட சம்சாரம் புவாகாம் தினமும் காலையில என் பிச்சைப் பாத்திரத்துல சோறு போடறா. மத்தவங்களுக்குப் போடற அதே அளவு. முகத்துல கோபமே இல்ல. மன்னிச்சிட்டான்னுதானே அர்த்தம்? முடிஞ்சுபோனதை எதுக்குக் கல்லுல போட்டுக் கிளறணும்?”

குரு எழுந்து குடையை எடுத்தார்.

“அவகிட்டயே படிச்சுக் காட்டலாம். வாங்க.”

துறவி ஒரு பெண்ணோடு தனியே உட்கார்ந்து பேசக் கூடாது. அதனால் குருவும் கூடவே வந்தார். வெயிலில் கரையோடு நடந்து போனார்கள். புவாகாம் இருவருக்கும் பாய் விரித்துவிட்டுத் தான் வெறும் தரையில் உட்கார்ந்து கைகூப்பினாள். பூன்லெட் படித்தார். ‘முன்னறிவிப்புச் செய்த பிறகே’ என்ற இடத்தை மட்டும் வேகமாகப் படித்தார்.

“சாது” என்றாள் புவாகாம். ‘நன்று’ என்று பொருள். குனிந்து மூன்று முறை வணங்கினாள். இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் பூன்லெட்டின் நடை இலேசாகியிருந்தது.

“கேட்டீங்களா, லுவாங் போ? சாதுன்னுட்டா.”

“நேத்து எனக்குச் சளி. பாலி மொழியில ஓதினது எனக்கே விளங்கல. அதுக்கும் அவ சாதுன்னுதான் சொன்னா.”

பூன்லெட் நின்றுவிட்டார்.

“அப்போ தினமும் போடற சோறு?”

“காவிக்குப் போடறா. கம்னான் பூன்லெட் அவ வீட்டுப் பக்கம் ஒருநாளும் போனதில்லையே.”

அது பூன்லெட்டுக்குச் சுருக்கென்று தைத்தது. கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். குருவும் நின்றார்.

“நான் என்ன செய்யணும்?”

“காவியைத் திருப்பிக் கொடுத்துடுங்க. சடங்கு பத்து நிமிஷம். பேண்ட் சட்டை போட்டுக்கிட்டுப் போய் அவ எதிர்ல உட்காருங்க. குழாய் விஷயத்தை நீங்களே சொல்லுங்க. அவ திட்டட்டும். முடிச்சதும் வாங்க, மறுபடி காவி தரேன்.”

அந்த நாட்டில் காவி உடுத்துவதும் திருப்பித் தருவதும் அதிசயமில்லை. ஆனால் ஒருமுறை கழற்றிவிட்டால் துறவியின் மூப்புக் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்துதான்.

“மூணு வருஷம் போயிடுமே, லுவாங் போ.”

குரு குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தார்.

“எனக்குத் தெம்பும் இல்ல. அவ ஆரம்பிச்சா எப்ப முடிப்பாளோ. எவ்வளவு நேரம் உட்காந்து கேக்கறது?”

“பத்தொன்பது வருஷத்துப் பேச்சு” என்றார் குரு. “நேரம் ஆகத்தான் செய்யும்.”