கரையில் உறங்குகிறவர்கள்

இந்தக் கதையில் வரும் ஆசானுக்குத் தாடி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. தூத்துக்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண். பெயர் பியூலா, வயது முப்பதைத் தொடவில்லை. ஏழுதீவு என்ற இணைய விளையாட்டில் தமிழ் பேசுகிறவர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். வாள், வில், படகு, மந்திரம் எல்லாம் உள்ள மாய உலகம் அது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்குகிறவர் யாராக இருந்தாலும் ஆசான்தான்.

சீடருக்கு ஐம்பத்திரண்டு வயது. அம்பாசமுத்திரத்தில் மோட்டார் பம்பு கடை வைத்திருக்கும் மாசானமுத்து. மற்றவர்கள் புயல்வேந்தன், நெருப்புக்குயில் என்றெல்லாம் பெயர் சூட்டிக்கொண்டு திரிய, இவர் மட்டும் ரேஷன் கார்டில் உள்ள பெயரையே அங்கேயும் கொடுத்திருந்தார். நடக்கச் சொன்னால் சுவரில் முட்டுவார். வில்லை எடுத்தால் பக்கத்தில் நிற்கிறவர் ஓடிவிடுவார். ஆசான் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தார்.

ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே அதைக் கேட்பது மரியாதை இல்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்க வேண்டியிருக்கும். போன வருடம் அவருடைய மகன் வைரவன் பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துபோனான். பத்தொன்பது வயது. சாயங்காலம் ஆனால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த விளையாட்டில்தான் கிடப்பான். உள்ளேயிருந்து தமிழில் பேச்சும் சிரிப்பும் கேட்கும். தகப்பனுக்கு அது எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தச் சிரிப்பை ஒருதரம் கேட்டால் போதும் என்று இருந்தது.

பிள்ளை இறந்த மாதமே அவன் அறையை ஒழித்துவிட்டார் மாசானமுத்து. கட்டில், சட்டை, ஷூ எல்லாம் யார் யாருக்கோ போனது. கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு தெரியவில்லை. ரிப்பேர்காரர் எல்லாவற்றையும் அழித்துத்தான் திறக்க முடியும் என்றார். சரி, அழித்துவிடு என்றார் இவர். அழித்த பிறகுதான் உறைத்தது, அந்த உலகத்தில் தன் மகனுக்கு என்ன பெயர் என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்று. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தார். வந்த இடத்தில் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவன் இறந்ததையும் சொல்ல வேண்டும்.

திமிங்கிலத் திருவிழா நெருங்கியது. வருடத்துக்கு ஒருதரம் ஒரு கடற்கரை திறக்கும். பெரிய திமிங்கிலம் வரும், எல்லோரும் படகு தள்ளிக்கொண்டு போய் அதோடு மல்லுக்கட்டுவார்கள். முடிந்ததும் கரை மூடிவிடும். இந்த முறை விளையாட்டை நடத்துகிறவர்கள் ஓர் அறிவிப்பு விட்டார்கள். திருவிழாவை நன்றாக்க யோசனை சொல்லுங்கள், அதிகம் பேர் கை தூக்குகிற யோசனை இந்த வருடமே நடப்புக்கு வரும்.

குழு கூடியது. திமிங்கிலம் இரண்டு வேண்டும் என்றான் ஒருவன். கரையில் மீன் வறுவல் கடை போடலாம் என்றாள் நெருப்புக்குயில். தோற்றவர்களுக்கும் பரிசு வேண்டும் என்று புயல்வேந்தன் உருக்கமாகப் பேசினான். அவன் ஒரு வருடமும் ஜெயித்ததில்லை.

மாசானமுத்து தொண்டையைச் செருமினார். அந்தக் கரையில் உறங்குகிறவர்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். திருவிழாவின் நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால் அவருடைய உருவம் முழங்காலில் தலையைக் கவிழ்த்து மணலில் உறங்கும். திரும்பி வந்தால் எழுந்துகொள்ளும். வராவிட்டால் அப்படியே இருக்கும். வருடக் கணக்கில் சேர்ந்து அது ஒரு கூட்டமாகியிருந்தது. படகு தள்ளும்போதெல்லாம் இடிக்கிறது என்று குழுவே புலம்பிக்கொண்டிருந்தது.

"ஓடாத மோட்டாரக் கடை வாசல்ல போட்டு வச்சிருந்தா யாவாரம் நடக்குமா? வராதவங்கள எல்லாம் அப்புறப்படுத்திரணும். கரை சுத்தமா இருக்கும்" என்றார்.

ஒரே கைதட்டல். மோட்டார் அண்ணாச்சி வாழ்க என்றான் புயல்வேந்தன். மாசானமுத்து சிரித்துவிட்டார். யோசனை ஊரெல்லாம் பரவி ஆயிரக்கணக்கானவர்கள் கை தூக்கினார்கள். திருவிழா முடியும் நேரத்தில் உறங்குகிறவர்கள் அகற்றப்படுவார்கள் என்று அறிவிப்பும் வந்தது.

ஆசான் மட்டும் கை தூக்கவில்லை. அதை மாசானமுத்து கவனித்திருந்தார். சின்னப் பிள்ளை மாதிரி மனசு வாடிவிட்டது.

"என் யோசனைல என்ன குறை, ஆசான்?"

"கடைசி நாளு கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வாங்க, அண்ணாச்சி" என்றார் ஆசான்.

கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார் மாசானமுத்து. திரையில் கரை வெறிச்சென்று இருந்தது. எல்லோரும் திமிங்கிலத்தின் பின்னால் போயிருந்தார்கள். ஆசான் மட்டும் விறகுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

உறங்கும் ஒரு பெண் உருவத்தின் முன் போய்க் கொஞ்சம் விறகை வைத்துத் தீ மூட்டினார். அந்த விளையாட்டில் தீ காய்ந்தால் களைப்பு தீரும். உறங்குகிறவர்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆசான் இதைச் செய்வதுண்டு என்றும், ஆசானுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றும் குழுவில் கேலி பேசுவார்கள்.

"இவங்க தேன்மொழியாள். பால் பொங்குது, அடுப்ப அணச்சிட்டு வாரேன்னு போனாங்க" என்றார்.

அடுத்த உருவத்துக்கு நகர்ந்தார்.

"இவரு காட்டுராசா. துபாய்ல இருந்து ஆடுவாரு. மேனேஜர் கூப்பிடுதாருன்னு போனாரு."

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் எழுந்து போகிறவர் ஆசானிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொன்னதை எல்லாம் ஆசான் மறக்காமல் வைத்திருப்பார் என்று மாசானமுத்து நினைத்ததில்லை. விறகைச் சுமந்துகொண்டு கூடவே நடந்தார். அவர் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று புரிந்தது, பதில் என்ன என்றுதான் புரியவில்லை.

"வரமாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியுமே, ஆசான்."

"வாரேன்னு சொல்லிட்டுல்லா போனாங்க."

தண்ணீருக்குப் பக்கத்தில் ஓர் உருவம். கறுப்பு அங்கி, முதுகில் வில். அதன் அருகில் மணலில் ஒரு படகு கவிழ்ந்து கிடந்தது. ஆசான் அங்கே விறகைக் கூடுதலாக அடுக்கினார்.

"இவன் கரிச்சான். சரியான வாயாடி, என்னைய சிரிக்கவச்சே கொன்னுருவான். போன வருசம் திமிங்கிலம் தலையத் தூக்குத நேரம். 'ஆசான், சுரண்டை அத்தை பஸ் ஸ்டாண்டுல நிக்காங்களாம், அப்பா கூட்டிட்டு வரச் சொல்லுதாங்க. என் படக யாருக்கும் குடுத்துராதீங்க'ன்னான். நானும் யாருக்கும் குடுக்கல."

அண்ணாச்சி, லைன்ல இருக்கீங்களா என்று ஆசான் கேட்டார்.

அன்றைக்கு மகனை அனுப்பியவர் மாசானமுத்துதான். கதவைத் தட்டி, எந்நேரமும் இதே சோலிதானா, போய் அத்தையக் கூட்டிட்டு வாலே என்று சத்தம் போட்டார். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

"அத்தை ஆட்டோ புடிச்சு வந்துட்டா" என்றார். "அவன் வரல, ஆசான். எம்மவன்தான்."

மறுமுனையில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அழுகை. ஆசான் அழுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இறந்த செய்தி அந்தப் பெண்ணுக்கு இன்றைக்குத்தான் வந்து சேர்கிறது என்பது அப்புறம்தான் அவருக்கு விளங்கியது. அவனுக்காக அழுகிற ஒருத்தியின் குரலைக் கேட்டதும் அவரும் உடைந்துபோனார். வெளியே ஷட்டரைத் தட்டி, அண்ணாச்சி, வால்வு இருக்கா என்று யாரோ கேட்டார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும், இதை நிறுத்தச் சொல்ல முடியாதா என்று கேட்டார். யோசனை தன்னுடையது, தானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார். விளையாட்டை நடத்துகிறவர்களுக்கு ஆசான் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தார். இத்தனை பேர் விரும்பியதை மாற்ற முடியாது என்று பதில் வந்திருந்தது. அவனை எழுப்பவாவது முடியாதா என்றார். போனவர்தான் வந்து எழுந்துகொள்ள முடியும், வேறு வழி வைக்கவில்லை என்றார் ஆசான்.

மாசானமுத்துவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், பக்கத்தில் இருந்தவர்மேல் விழுந்தது.

"நான் யோசனை சொன்ன அன்னைக்கே ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம்லா? எல்லாந் தெரிஞ்சவங்கதான நீங்க?"

"நீங்க வந்ததுலேர்ந்து அன்னைக்குத்தான் சிரிச்சீங்க, அண்ணாச்சி. எனக்கு வாய் வரல."

கடலில் ஆரவாரம் எழுந்தது. திமிங்கிலம் சாய்ந்துவிட்டதாம். புயல்வேந்தன் முதல்தடவையாக ஜெயித்துவிட்டு, எல்லோரும் வாங்க, எல்லோரும் வாங்க என்று கூவிக்கொண்டிருந்தான். ஆசான் போகவில்லை. மூட்டிய தீ கறுப்பு அங்கியின்மேல் செம்மையாக ஆடியது. முகம் தெரியவில்லை. அந்த உருவத்தின் முகத்தைக் குனிந்து பார்க்கும் வசதியை யாரும் செய்து வைத்திருக்கவில்லை.

மாசானமுத்து தன் உருவத்தை அவன் பக்கத்தில் கொண்டுபோனார். உட்காருவது எப்படி என்று ஆசான் எத்தனையோ தரம் சொல்லிக்கொடுத்தது. இப்போது மறந்துவிட்டது. விசைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். அவருடைய உருவம் குதித்தது, திரும்பியது, வாளை உருவியது.

"உட்காரத் தெரியலம்மா" என்றார். அவர் ஆசானை அம்மா என்று அழைத்தது அப்போதுதான்.

ஆசான் எந்த விசை என்று சொன்னார். உருவம் மணலில் உட்கார்ந்தது, மகனின் தோளோடு தோள் உரச.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"நீங்க அவங்கூட இருங்க, அண்ணாச்சி. நேரத்த நான் பாத்துக்கிடுதேன்."