தப்பான குழாய்

மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய கதை இது. அவ்வளவு நாற்றம். ஆனாலும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே லேபில் வேலை பார்ப்பவள் பூங்கோதை. அரிசி ஆலை நடத்திவந்த வேதநாயகி அம்மாளுக்குப் புருஷன் போன துக்கத்தில் இரண்டு மூன்று விஷயம் மறந்துபோக, மகன் சிவநேசன் கூட்டிவந்து சேர்த்தான். மறதி நோயா என்று பார்க்க முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சம்மதப் படிவத்தின் மூன்று பக்கத்தையும் வாசித்து, சந்தேகம் கேட்டு, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டவர் அந்த அம்மாள்தான்.

நோய் இருந்தால் அந்த நீரில் ஒரு புரதம் குறையும். குறைந்துதான் இருந்தது. நோய் என்று ரிப்போர்ட் போய்விட்டது.

மறுநாள் மிச்ச நீரை எடுத்துவைக்கப் போன பூங்கோதைக்குத் திக்கென்றது. இதற்கென்று உள்ள குழாய் தீர்ந்துபோனதால், வார்டில் சாதாரணப் பிளாஸ்டிக் குழாயில் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள்! அதன் சுவரில் அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும். நோயே இல்லாவிட்டாலும் அளவு குறைவாகக் காட்டும்.

லேப் தலைவரிடம் ஓடினாள். அவர் வடை தின்றுகொண்டிருந்தார். "போன ரிப்போர்ட் போனதுதான். லேப் பேரைக் கெடுக்காதே" என்றவர், எண்ணெய் விரலை அந்த ரிப்போர்ட்டின் நகலிலேயே துடைத்தார்.

டாக்டரிடம் போனாள். "வீட்டு ஆளுங்ககிட்ட சொல்லியாச்சும்மா. இனிமே மாத்திச் சொன்னா என்னை என்ன நினைப்பாங்க?"

மகனைத் தேடி வார்டைக் கடந்தாள். ஊசி போட்டதிலிருந்து எழுந்தால் தலைவலி என்று மல்லாந்து படுத்திருந்த வேதநாயகி அம்மாள் கையை நீட்டி நிறுத்தினார்.

"ரிசல்ட் வந்துடுச்சாம்மா?"

"உங்க பையன்கிட்ட பேசிடறேம்மா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

சிவநேசன் வராந்தாவில் நின்றிருந்தான். "மறுபடியும் ஊசியா? வேணாம் மேடம். இந்த ரிசல்ட்டே எங்களுக்கு வசதியா இருக்கு. ஆலையை என் கைக்கு மாத்த வக்கீல்கிட்ட பேசியாச்சு. அம்மாவுக்கு முதியோர் ஹோமும் பாத்தாச்சு." சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தான்.

ச்சீ, பெற்ற பிள்ளையா இவன்! பூங்கோதை வாஷ்பேசினுக்கு ஓடினாள். முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தாள், அருவருப்பு போகவில்லை. மூன்று பேரிடமும் தொண்டை வற்றக் கத்தியாயிற்று, இதற்கு மேல் நான் என்ன செய்ய என்று வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தாள்.

இப்போது சொல்லுங்கள்: தலைவர், டாக்டர், மகன், பூங்கோதை, இந்த நால்வரில் யார் செய்தது சரி?

விடை: பூங்கோதை என்றுதானே வாயெடுத்தீர்கள்? ஒருவரும் இல்லை. உண்மையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்க அலைந்தவள், நீர் யார் முதுகிலிருந்து வந்ததோ அவரிடம் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர் கேட்டும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை நம்ப முடியாது என்று தெரிந்தவளே அவரைப் புத்தி கெட்டவராக நடத்தினாள். வாசல்வரை போனபிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. இப்போது தன்மேலேயே அருவருப்பு. திரும்பிப் போய் ஒன்றுவிடாமல் சொன்னாள். வேதநாயகி அம்மாள் முழுதும் கேட்டார். பிறகு மெல்லப் புரண்டு முதுகைக் காட்டினார். "இன்னொரு தடவை எடுங்க. ஆனா இந்தத் தடவை குழாயைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."