முள்ளம்பன்றி எடுத்த வருகைக் கணக்கு

காட்டு ஏரியின் கரையைக் காக்கும் வேலையை அரசாங்கம் முள்ளம்பன்றியிடம் கொடுத்திருந்தது. அவளுக்குக் கீழே மூன்று பேர். மதகில் ஆமை, வடகரையில் நண்டு, மலை உச்சியில் மரங்கொத்தி. ஆளுக்கொரு மூலை. ஒருவரையும் அவளால் கண்ணால் பார்க்க முடியாது. செய்தி கொண்டுபோக ஒரே ஒரு மைனா.

"பார்க்காத ஆளுகளை வேலை வாங்குறதுக்குள்ள உயிர் போகுது!" என்று முள்ளம்பன்றி நாள் முழுக்கப் புலம்பினாள். தூங்குகிறார்களோ, ஊர் சுற்றுகிறார்களோ, யார் கண்டது?

அதனால் தினமும் ஏழு தடவை மைனாவை விரட்டினாள். "போய், மூணு பேரும் இருக்காங்களான்னு கேட்டுட்டு வா!"

மைனா மூச்சு வாங்கத் திரும்பி வந்தது. "இருக்காங்க அம்மா! ஆனா நண்டு வேற ஏதோ..."

"இருக்கானா இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

"இருக்கான்."

"அப்ப சரி. அடுத்த நடை கிளம்பு!"

இரண்டு நாளாக மலையில் நல்ல மழை. மைனா நனைந்தபடியே பறந்தது. "மரங்கொத்தியும் ஏதோ சொன்னான் அம்மா!"

"ஏண்டி, நான் என்ன கேட்டேன், நீ என்ன சொல்ற?"

"என் றெக்கை தேய்ஞ்சதுதான் மிச்சம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே மைனா போனது.

மறுநாள் காலை, கரையடியில் இருந்த தன் வளைக்குள் முள்ளம்பன்றி நுழைந்தாள். தரையெல்லாம் சேறு. அவளுடைய இரண்டு குட்டிகளும் வயிறு வரை தண்ணீரில் நின்று அழுதன. அவளுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது.

"மைனா! நண்டு என்னடி சொன்னான்?"

"வடகரை கசியுது, மதகைத் திறக்கச் சொல்லுங்கன்னு முந்தாநாளே சொன்னான்! மலையில மழை கொட்டுது, ஏரிக்கு வெள்ளம் வருதுன்னு மரங்கொத்தியும் சொன்னான்!"

"அந்த ஆமை ஏன் திறக்கலை?"

"நீங்க உத்தரவு தராம மதகைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க! அவன் மதகை அடைச்ச கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கான் அம்மா. ஏழு தடவையும் இருக்கான்!"

"திறக்கச் சொல்லு! ஓடு!"

மைனா பறந்தது. ஆமை ஒரே முட்டில் அடைகல்லைத் தள்ளியது. ஏரித் தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. முள்ளம்பன்றி குட்டிகளை மேட்டுக்கு இழுத்துப் போட்டாள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் வளை பொதபொதவென்று சரிந்தது. குட்டிகள் பிழைத்தன. கரையும் நின்றது. வீடு போனது.

மைனா தயங்கித் தயங்கி வந்தது. "மதிய நடைக்கு நேரமாச்சு அம்மா. இருக்காங்களான்னு கேட்கவா?"

"வேண்டாம்டி. அங்க என்ன நிலைமை, அவங்களுக்கு என்ன வேணும்னு கேளு. சொன்னதை முழுசா வந்து சொல்லு. அவசரம்னா ஆமை என்னைக் கேட்காமலே திறக்கட்டும்."

தூரத்தில் இருப்பவர்கள் இருக்கிறார்களா என்று எண்ணுவது தலைமை அல்ல. அவர்கள் சொல்வதைக் கேட்டு, அவர்களை நம்பி வேலையை விடுவதே தலைமை.