வடிவுக்குக் கிடைக்காத திட்டு

தூத்துக்குடியில் பெரியவர்களுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தவள் ரெஜினா. மாணவர்களில் பலரைவிட வயதில் சின்னவள். ஆனாலும் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான்.

வடிவு நூலகத்தில் வேலை பார்ப்பவள். சக்கர நாற்காலியில் வருவாள். வகுப்புக்குக் கிளம்பும்போது வாட்ஸ்அப் குழுவில் சக்கர நாற்காலி எமோஜியைப் போடுவாள். வந்துகொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

பிறகு மற்றவர்களும் அதைப் போடத் தொடங்கினார்கள். வடிவு தன் ஆட்டத்தைப் பகிர்ந்தால் போதும், கீழே அந்தப் படம், கைதட்டல், பூ. ஜெயித்தாலும் பூ, தோற்றாலும் பூ.

ஷகிலாவின் ஆட்டத்துக்குக் கீழே சண்டையே நடக்கும். ஒருநாள் ஒரு சிப்பாயைத் தவறாக நகர்த்தியதற்காக ரெஜினா அவளை வாய்ஸ் மெசேஜில் வறுத்தெடுத்திருந்தாள். வடிவு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். வயிறு எரிந்தது.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் கேட்டேவிட்டாள்.

“ஷகிலாவை மட்டும் ஏன் மாஸ்டர் திட்டுறீங்க?”

ரெஜினா சிரித்தாள். “திட்டு வாங்குறதுக்கெல்லாம் பொறாமையா அக்கா?”

“ஆமா.”

ரெஜினாவின் சிரிப்பு நின்றது.

“நேத்து என் யானையைச் சும்மா தூக்கிக் கொடுத்தேன். பார்த்தீங்களா?”

“இல்லை.”

“பூ போட்டீங்களே.”

ரெஜினா கைபேசியில் அந்த ஆட்டத்தைத் தேடி எடுத்தாள்.

“அந்தச் சக்கர நாற்காலிப் படத்துக்கு என்ன அர்த்தம் மாஸ்டர்?”

“நீங்க போட்டா, வீட்டைவிட்டுக் கிளம்பிட்டீங்கன்னு அர்த்தம்.”

“அவங்க போட்டா?”

“ஆட்டத்தைப் பார்க்கலைன்னு அர்த்தம். என் பூவுக்கும் அதேதான்.”

ரெஜினா பலகையை விரித்தாள். கைபேசியைப் பார்த்துப் பார்த்து நேற்றைய ஆட்டத்தை அடுக்கினாள்.

“யானையை ஏன் இங்க கொண்டுவந்தீங்க?”

“ராணியை விரட்டலாம்னு.”

“அந்தக் கட்டத்தை எதிராளியோட குதிரை பார்த்துட்டிருக்கே. தெரிஞ்சு வச்சீங்கன்னா மடத்தனம். தெரியாம வச்சீங்கன்னா சோம்பேறித்தனம். எது?”

வடிவின் முகம் சிவந்தது. “சோம்பேறித்தனம்.”

“குதிரையைப் பார்க்கத் தெரியாதவங்களுக்கு யானை எதுக்கு?”

வாசலில் ஷகிலா வந்து நின்றாள். “மாஸ்டர், என் ஆட்டத்தை இன்னிக்குப் பார்க்கிறேன்னீங்களே?”

“நாளைக்கு.”

ஷகிலா போகவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த பலகையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினா விடவில்லை. அடுத்த நகர்வு, அதற்கடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டாள். வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இன்னிக்கு இது போதும் மாஸ்டர்.”

ரெஜினா காய்களை மறுபடி முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் போதாது. யானையை எடுத்து வைங்க.”