வாசலில் ஒட்டிய வசனம்

போதகர் சுகிர்தாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வேதக்கண்ணுக்கு அறுபது. தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே, பிரசங்கம் செய்யப் பழக வேண்டும் என்று வந்து நின்றவர். தலை நரைத்த பிறகு பள்ளிக்கூடமா என்று ஊரார் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும், மனிதருக்கு முத்து முத்தான கையெழுத்து. சபைக்கு அது உதவியாகத்தான் இருந்தது.

அந்தச் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் கைக்கு வந்ததை எடுத்துச் சத்தமாக வாசிக்க வேண்டும். அதில் உள்ள வசனம், அந்த வருடத்துக்கென்று கர்த்தர் அந்த வீட்டுக்குச் சொன்னது. வாசல் நிலைக்கு மேலே அதை ஒட்டிவைப்பார்கள்.

கொள்ளைநோய் வந்த வருடக் கடைசியில் அச்சகத்துக்காரர் நோயில் படுத்துவிட்டார். சுகிர்தா வசனங்களின் பட்டியலைக் கொடுத்து, வேதக்கண்ணையே கையால் எழுதச் சொன்னார்.

அடுத்த வருட மே மாதம் நோய் இரண்டாம் முறையாக ஊருக்குள் வந்தது. சபைக் கோயிலைப் பூட்டினார்கள். அடுத்து யார் வீடு என்று எவருக்கும் தெரியாது. போன் அடித்தால் எடுக்கவே பயந்த காலம் அது.

ஒரு நாள் காலையில் வேதக்கண் போதகர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஓர் அட்டை இருந்தது.

"ரெத்தினபாய் திருப்பிக் குடுத்துட்டாம்மா."

ரெத்தினபாயின் கணவர் அருமைநாயகத்தை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"என்ன சொன்னா?"

"'எங்க வீட்டுக்கு இது சரிப்படல அண்ணாச்சி, வேற யாருக்காவது குடுங்க'ன்னா. ஏசியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்."

சுகிர்தா அட்டையை வாங்கிப் பார்த்தார். வாதை, கொள்ளைநோய் எதுவும் அந்த வீட்டை நெருங்காது என்று சொல்லும் வசனம்.

"காய்ச்சல் வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகல. மூணு நாள் இந்த அட்டைக்குக் கீழ ரெண்டு பேரும் முழங்கால் போட்டிருக்காங்க. மூச்சு முட்டுன பெறகுதான் கூட்டிட்டுப் போயிருக்கா. இனி அவளுக்கு என்ன வசனம் சொல்லித் தேத்தட்டும்?"

"என் பட்டியல்ல இந்த வசனம் ஒரு தடவதான் இருந்துச்சு அண்ணாச்சி. துன்பத்துல கூட இருப்பேன்னு சொல்லுத வசனங்க நாப்பது இருந்துச்சு. அதுல ஒண்ணுகூட தட்டுல வந்ததா ஞாபகம் இல்லையே."

வேதக்கண் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதை எல்லாம் விட்டுட்டேன். அதுக்குப் பதிலா இதையே எழுதிட்டேன். நாப்பது அட்டையிலயும்."

"ஏன்?"

"ஜனங்க பயந்துபோயிருந்தாங்க."

"ஜனங்களா?"



"வீட்ல எம் பொஞ்சாதிக்குச் சக்கரை. மகன் மஸ்கட்ல தனியாக் கெடந்தான். இதை எழுத எழுத எனக்குத் தைரியமா இருந்துச்சும்மா. விட மனசு வரல."

சுகிர்தா கோபப்படவில்லை. கோபப்படும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"தட்டைப் பிடிச்சிட்டு நின்னவ நான். ஒரே வசனம் திரும்பத் திரும்ப வந்ததைப் பாத்தேன். ஏன்னு கேக்கல. அன்னைக்கு எனக்கும் அது இனிப்பாத்தான் இருந்துச்சு."

கேட்டிருந்தால் ஒரு மனிதர் உயிரோடு இருந்திருப்பாரோ என்னவோ. அது இனி ஒருக்காலும் தெரியப்போவதில்லை.

சுகிர்தா முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். "வாங்க போவோம்."

"எந்த வசனத்தை எடுத்துட்டுப் போக?"

"வசனம் வேண்டாம். இப்போ எங்கிட்ட சொன்னதை அவகிட்ட சொல்லுங்க."

"அடிச்சுத் தொரத்திருவாளே."

"தொரத்தட்டும்."

ரெத்தினபாய் வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிலைக்கு மேலே அட்டை ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. இருவரும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்கள். வேதக்கண் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மனைவியின் சக்கரையையும் மகனையும் சொன்னார், விட மனசு வராததையும் சொன்னார்.

"மூணு நாள், அண்ணாச்சி," என்றார் ரெத்தினபாய். "மூணு நாள்."

வேதக்கண்ணால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்போ இது கர்த்தர் எங்க வீட்டுக்குன்னு எடுத்துத் தந்தது இல்லையா?"

"இல்ல தங்கச்சி. எங்க கைய வச்சாலும் இது வாறது மாதிரி நான் எழுதி வச்சது."

ரெத்தினபாய் கீரையைக் கீழே வைத்தார்.

"எனக்கு விசுவாசம் பத்தலன்னு நெனச்சேன். நான் முழுசா நம்பியிருந்தா அவுங்க பொழைச்சிருப்பாங்கன்னு நெனச்சேன். ஒம்பது நாளா ஜெபம் பண்ண வாயே வரல."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாக அழுதார். அடக்கத்தன்று அழாத அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது.

அழுது ஓய்ந்த பிறகு அவர் சுகிர்தாவைப் பார்த்து, "ஜெபம் பண்ணுங்கம்மா," என்றார். வேதக்கண்ணை அவர் பார்க்கவில்லை.

சுகிர்தா கேட்டைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தார். இந்த வீட்டில் இரும் ஆண்டவரே என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும் வழியில் வேதக்கண் கேட்டார். "அவளுக்குக் கொஞ்சமாவது ஆறுதல் கெடைச்சுது. அந்த மூணு நாளை நான் எப்படிம்மா திருப்பிக் குடுக்க?"

"முடியாது அண்ணாச்சி."

இன்னும் கொஞ்சதூரம் நடந்தார்கள்.

"அப்போ எனக்கு ஆறுதலே கெடையாதா?"

சுகிர்தா தெருமுனையில் நின்றார்.

"மத்த வாசல்ல எல்லாம் உங்க எழுத்து இன்னும் ஒட்டியிருக்கு. ஊர்ல காய்ச்சலும் அடங்கல. மொதல்ல யாரு வீட்டுக்குப் போவோம், சொல்லுங்க."