முக்கால் தொட்டி

“மேடம், நான் எழுதாத வரிக்கெல்லாம் என்னையக் கேக்காங்க.”

கோமதிநாயகம் வாசலில் நின்றபடியே சொன்னார்.

மெஹருன்னிசா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உள்ள வந்து சொல்லுங்க அண்ணாச்சி.”

மலையடிவாரத்து ஊர் அது. அதன் குடிநீர் மோட்டார்களை ஒரு மென்பொருள் ஓட்டுகிறது, நிறுத்துகிறது. அதற்குப் பொறுப்பு மெஹருன்னிசா. கோமதிநாயகம் மோட்டார் அறையிலிருந்து வந்து அவளிடம் வேலை கற்பவர். வயதில் மிகவும் மூத்தவர்.

போன மாதம் இருவரும் சேர்ந்து ஒரு சர்வரை நிறுவினார்கள். மென்பொருளின் வரிகளையும், இதுவரை நடந்த மாற்றங்களையும், பெயர் பிசகாமல் அதில் ஏற்றினார்கள். யார் எதை மாற்றினாலும் பழையது அழியாது. புதியது மேலே சேரும். மாற்றியவர் பெயரும் காரணமும் கூடவே நிற்கும்.

எந்த வரியைக் கேட்டாலும், அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயரைத் திரை காட்டும்.

“எந்த வரி?” என்றாள்.

“எல்லா வரியும்தான். மோட்டார் ரூம் பவுன்ராஜ் பய சொல்லுதான், ‘அண்ணாச்சி, நீங்க தூங்குறதே இல்லையா, மொத்தத்தையும் ஒத்தையா எழுதியிருக்கீங்களே’ன்னு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“ஒண்ணும் செய்யல. வரியோட ஓரமெல்லாம் கோணலா கெடந்துச்சு. நேரா இழுத்து விட்டேன்.”

“எல்லா வரியையுமா?”

“எல்லா வரியையும்.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“மேடம், பழசை யாரும் அழிக்காம இருக்க நீங்க ஒரு பூட்டுப் போட்டிருக்கீங்கல்லா? அதைக் கொஞ்சம் தெறந்து விடுங்க. நான் தொட்டதை மட்டும் உருவி எடுத்துருதேன். ஒருத்தருக்கும் தெரியாது.”

“தெறக்கலாம். இன்னிக்கு உங்களுக்கு என்ன வேலை?”

“மேட்டுத் தொட்டி முக்கால் நெறஞ்சதும் மோட்டார் நின்னுருது. மேலத்தெருவில தண்ணி பத்தல, ஒரே சண்டை. முழுசா நெரப்பச் சொல்லிட்டார் இன்ஜினியர். சாயங்காலத்துக்குள்ள மாத்தணும்.”

“முக்கால்னு ஏன் இருக்கு?”

“தெரியாது.”

“எழுதினவரைக் கேட்டீங்களா?”

“எம் பேருல்லா நிக்கி.”

“அப்ப அவரையே கேளுங்க.”

கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் அந்த வரியைத் திரைக்குக் கொண்டுவந்தாள். அதன் ஓரத்தில் இருந்த அவர் பெயரைக் கட்டைவிரலால் மறைத்தாள்.

“இப்ப யாரு?”

“தெரியல.”

விரலை எடுத்தாள். அவர் ஓரம் சீராக்கிய மாற்றத்தை மட்டும் கணக்கில் எடுக்காமல் காட்டும்படி, சர்வருக்கு ஒரு கட்டளை எழுதினாள்.

திரை ஒருமுறை வெளுத்தது. மேலிருந்து கீழ்வரை அவர் பெயர் இருந்த இடங்களில் வேறு பெயர்கள் வந்து நின்றன. பெரும்பாலும் ஒரே பெயர். ஞானதிரவியம்.

முன்பு இந்த அறையில் வேலை பார்த்து, போன மழைக்காலத்தில் இறந்துபோனவர். அவருடைய நாற்காலியில்தான் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார்.

“இவர் இங்கயா இருக்கார்?”

“அவர் எங்கயும் போகல அண்ணாச்சி. நீங்க அவர் மேல உக்காந்திருந்தீங்க.”

முக்கால் என்ற வரிக்கு ஞானதிரவியம் எழுதிய காரணம் சிறியது.

‘கீழ்ப்பக்கச் சுவரில் கசிவு. கட்டி முடிக்கும்வரை முக்காலுக்கு மேல் வேண்டாம்.’

“சுவரைக் கட்டிட்டாங்களா?” என்றார் கோமதிநாயகம்.

“அது இதுல இல்லையே.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மேட்டுத் தொட்டியின் கீழ்ச்சுவரில் புதுச் சிமெண்டைக் காணோம். ஒரு வெடிப்பில் பெரணிச் செடி முளைத்து, நல்ல பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. சுவருக்கு நேர் கீழே வீடுகள். ஒரு வீட்டு முற்றத்தில் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அவர் சுவரில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

“என்ன அண்ணாச்சி, சுவருக்குக் காய்ச்சலா?” என்றாள் துணி உலர்த்தியவள்.

கையை எடுத்தார். ஈரமாக இருந்தது.

“கொஞ்சம்” என்றார்.

அவர் அலுவலகத்துக்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தார். இன்ஜினியரின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“இன்னுமாய்யா மாத்தல? மேலத்தெருக்காரன் குடத்தோட என் வாசல்ல நிக்கான். எந்த மடையன்யா முக்கால்னு எழுதி வச்சது?”

திரையில் ஞானதிரவியத்தின் பெயர் அப்படியே இருந்தது.

மெஹருன்னிசா விசைப்பலகையில் கை வைத்து, கோமதிநாயகம் தொட்டதை உருவ, பூட்டைத் திறக்கட்டுமா என்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

அவர் வேண்டாமென்று தலையசைத்தார்.

“நான்தான் சார்” என்றார். “காரணத்தைச் சொல்லுதேன்.”