கீற்றன் சொன்ன இனிய செய்தி

ஒரு காட்டில் மழை பிடித்துவிட்டால் யாரும் வெளியே போய் இரை தேட முடியாது. மாதக்கணக்கில் கொட்டும். அதனால் அங்கே இருந்த விலங்குகள் கோடையிலேயே கிழங்கும் உலர்ந்த பழமும் சேர்த்து, சிலுப்பன் என்ற முள்ளம்பன்றியின் குகைக் கிடங்கில் கொண்டுபோய் வைக்கும். மழைக்காலத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளும். காத்துக் கொடுப்பதற்குக் கூலியாகச் சிலுப்பன் கொஞ்சம் எடுத்துக்கொள்வான்.

சிலுப்பன் நேர்மையானவன்தான். ஆனால் உடம்பில் இருக்கும் முள் போதாதென்று வாயிலும் வைத்திருந்தான்.

"இதெல்லாம் கிழங்கா? பாதி சொத்தை. தூக்கிட்டுப் போ" என்பான். வந்தவர் முகம் சுண்டிப் போகும். அடுத்த வருடம் அந்தப் பக்கமே வரமாட்டார்.

அவனுக்குக் கூட்டாளி கீற்றன் என்ற அணில். கீற்றனுக்கு எல்லோருக்கும் நல்லவனாக இருக்க வேண்டும். யாராவது லேசாக முகம் சுளித்தால் போதும், அன்று அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

"அண்ணே, நம்ம தொழில் நல்ல தொழில். பேச்சுதான் சரியில்ல. நான் போய் முறையாப் படிச்சுட்டு வரேன்" என்றான் கீற்றன்.

"பேசுறதுக்கு ஒரு படிப்பா?" என்று முறைத்தான் சிலுப்பன். ஆனாலும் அனுப்பி வைத்தான்.

மலைக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய இலவ மரத்தில் பல்கலைக்கழகம் நடந்தது. அங்கே வணிகப் பேச்சுக்குப் பேராசிரியர் மைனா.

"கசப்பான செய்தியை எடுத்த எடுப்பிலே சொல்லக் கூடாது. முன்னால் பாராட்டு, பின்னால் நன்றி. கசப்பு நடுவில் இருக்கட்டும்" என்றார் மைனா.

கீற்றன் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பரீட்சையில் மைனாவே வாடிக்கையாளராக உட்கார்ந்தார். கீற்றன் சர்க்கரைப் பாகாகப் பேசினான். மைனா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். விஷயம்தான் அவருக்கு முன்பே தெரியுமே, கேள்வியை எழுதியவரே அவர்தானே. கீற்றனுக்கு முதலிடம் கிடைத்தது.

இலவம்பூ மாலையை அவன் கழுத்தில் போடும்போது மைனா, "ஒன்றை மறந்துவிடாதே. பேசி முடித்ததும், 'நான் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது?' என்று கேள். கேட்க வெட்கப்படாதே" என்றார்.

கீற்றன் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழுந்தது, மனதில் தங்கவில்லை.

அவன் திரும்பி வந்த பிறகு கிடங்கு களை கட்டியது. "தங்கள் வருகை எங்கள் பாக்கியம்" என்று அவன் வாசலில் நின்று வரவேற்றான். பன்றி, மான், குரங்கு எல்லோரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெல்லாயி என்ற ஆமையும் வந்தாள். அவள் பாறைமேட்டிலிருந்து நடந்து வருவதற்குள் மற்றவர்கள் பத்துத் தடவை வந்து போய்விடுவார்கள். குட்டிகளுக்காக ஒவ்வொரு கிழங்காக முதுகில் சுமந்து வந்து சேர்த்தாள்.

"நீ பேசுறதைக் கேட்டா வந்த அலுப்பே தெரியல கீற்றா" என்பாள். கீற்றனுக்கு வால் இரண்டு மடங்கு புடைக்கும்.

கோடை முடியும் நேரத்தில் எதிர்பாராத மழை ஒன்று அடித்தது. குகையின் விரிசல் வழியே தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. இருவரும் போய்ப் பார்த்தபோது கிழங்கும் பழமும் முழுவதும் அழுகி நாறிக் கிடந்தன.

சிலுப்பன் அழுகலைக் காலால் கிளறிப் பார்த்தான், ஒன்றுகூடத் தேறவில்லை. வாசலுக்கு வந்தான்.

"மழைக்காலம் பிடிக்க இன்னும் நாள் இருக்கு. ஓடிப் போய் எல்லார்கிட்டயும் சொல்லிடுவோம். திட்டுவாங்க, திட்டட்டும். மறுபடி சேர்த்துக்குவாங்க."

"அண்ணே, நீங்க போனீங்கன்னா கிடங்கை இழுத்து மூட வேண்டியதுதான். என்கிட்ட விடுங்க. நான் பக்குவமாச் சொல்றேன்" என்றான் கீற்றன்.

முதலில் குரங்கிடம் போனான். அவன் பாராட்டிலிருந்து தொடங்குவதற்குள் குரங்கு மூக்கைச் சுருக்கியது. "உன் மேல அழுகல் வாடை வருதே. எங்க கிழங்கு போச்சா?" என்று கத்தியது. கீற்றன் திக்கித் திணறித் தலையாட்டினான். குரங்கு வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் பழம் பறிக்க ஓடியது. மானுக்கும் பன்றிக்கும் அதுவே சேதி சொல்லிவிட்டது.

கீற்றனுக்கு அழுகையே வந்தது. ஆற்றில் இறங்கி நன்றாகக் குளித்தான். முதலிடம் வாங்கிய வாய் இது, ஒருவரிடமாவது ஒழுங்காகப் பேசிக் காட்ட வேண்டும் என்று நினைத்தபடி மெல்லாயியின் பாறைமேட்டுக்குப் போனான்.

எப்போதும் "அத்தை" என்றுதான் அவளைக் கூப்பிடுவான். அன்று தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்களைப் போன்றவர்களின் நம்பிக்கையே எங்கள் கிடங்கின் பலம். பருவச் சூழலை முன்னிட்டு, தங்கள் கையிருப்பின் தன்மையில் சில மாறுதல்கள் ஏற்பட்டுள்ளன. மாற்று ஏற்பாடுகளையும் தாங்கள் கருத்தில் கொள்ளலாம் என்று அன்புடன் பரிந்துரைக்கிறோம். தங்களுக்கும் தங்கள் குட்டிகளுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றியும் வாழ்த்தும்."

மெல்லாயி கண்ணை மூடிக் கேட்டாள். குட்டிகள் கூட ஓட்டிலிருந்து தலையை நீட்டிக் கேட்டன.

"எவ்வளவு அழகாப் பேசுற ராசா. இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்த? நல்லா இரு" என்றாள்.

கீற்றனுக்குச் சுருக்கென்றது. இவளுக்குப் புரிந்ததா? கேட்டுவிடலாமா? ஆனால் கேட்டால் அந்தச் சிரிப்பு போய்விடும். காலையிலிருந்து ஏச்சு வாங்கி வாங்கி நொந்திருந்தவனுக்கு அந்தச் சிரிப்பை விட மனமில்லை.

'சொல்லிவிட்டேன். மாறுதல் என்றேன், மாற்று ஏற்பாடு என்றேன். புரியாமலா இருக்கும்?' என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு மரத்துக்கு மரம் தாவி வீடு திரும்பினான்.

மழை பிடித்தது. மற்றவர்கள் ஓடி ஆடி ஏதோ கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தார்கள். பல நாள் கழித்து, சேற்றில் கால் இழுக்க இழுக்க, குட்டிகளைப் பின்னால் கூட்டிக்கொண்டு மெல்லாயி கிடங்கு வாசலுக்கு வந்து நின்றாள்.

"எங்க பங்கை வாங்கிட்டுப் போக வந்தேன்" என்றாள்.

சிலுப்பன் திகைத்துப்போய்க் கீற்றனைப் பார்த்தான்.

"எல்லாம் கோடையிலேயே அழுகிப்போச்சு தாயி. உள்ள ஒண்ணுமில்ல" என்றான் சிலுப்பன்.

மெல்லாயி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். "கீற்றா, அன்னிக்கு நீ வந்தது இதைச் சொல்லவா?"

"ஆமாம்."

"நான் வாழ்த்துச் சொல்ல வந்தேன்னு நெனச்சேன். அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, மெதுவா நடந்தாவது கொஞ்சம் சேர்த்திருப்பேனே."

கீற்றன் ஓடிப்போய்ப் பொந்தில் வைத்திருந்த தன் கொட்டைகளையெல்லாம் அள்ளி வந்து அவள் முன்னால் கொட்டினான். குட்டிகள் ஆசையாகக் கடித்துப் பார்த்தன. அணிலின் பல்லுக்கு உடையும் ஓடு, பல்லே இல்லாத ஆமை வாய்க்கு உடையவில்லை. கீற்றன் உடைத்து உடைத்துக் கொடுத்தான். இருந்தது ஒரு வேளைக்குத்தான் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மெல்லாயி கிளம்பினாள். ஆறு போகும் வழியில் கீழே இருக்கும் வேறு காட்டில் மழை குறைவு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். குட்டிகள் தாங்குமா என்று தெரியவில்லை. ஆனாலும் அங்கேதான் போக வேண்டும்.

கீற்றன் நனைந்துகொண்டே அவள் பின்னால் ஓடினான். அவனுக்குத் தெரிந்த அழகான சொல் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அத்தை, தப்பு என்னோடது. நீங்க திட்டிடுவீங்களோன்னு பயந்து நேராச் சொல்லாம விட்டேன்."

மெல்லாயி நின்றாள். "இப்ப சொன்னது நல்லாப் புரியுது கீற்றா" என்றாள். குட்டிகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். அவ்வளவு மெதுவாக நடப்பவள் கண்ணை விட்டு மறைய வெகு நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவன் அங்கேயே நின்றான்.

அடுத்த கோடையில் கிடங்கு திறந்தது. கீற்றன் இப்போது யாரிடம் எது சொன்னாலும், "உங்களுக்கு என்ன புரிஞ்சுது, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறான். பாறைமேட்டுப் பக்கம் அடிக்கடி போய்ப் பார்க்கிறான். அங்கே புல் வளர்ந்து கிடக்கிறது.

நீதி: அழகாகச் சொல்லிவிட்டால் போதாது, கேட்டவருக்குப் புரிந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் செய்தி போய்ச் சேர்ந்ததாகும்.